மிகவும் திருப்தி

ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க அண்ணாச்சி. எனக்கு எங்கன இருந்தாலும் ஒண்ணுதான். திருநவேலிக்குத்தான போறீங்க? நானும் அங்கதான். மூணு மணிக்குப் போயிருமா வண்டி? கண்டக்டர்ட்ட ரெண்டு தடவ கேட்டுட்டேன், மூணாவது தடவ கேட்டா வைவாரு. நாலு மணிக்குள்ள நான் காலேஜுக்குள்ள இருக்கணும். இன்னைக்குத்தான் கடைசி நாள். நாளைக்குப் போனா ஒண்ணும் நடக்காது.

ஆமா, எம்மவதான் படிக்கா. சங்கரகோமதி. வீட்டுல கோமுன்னு கூப்பிடுவோம். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, ரெண்டாம் வருஷம். எம்பேரு பூலுடையார். புளியங்குடில மாவு மில்லு வச்சிருக்கேன். மல்லி, வத்தல், கோதுமை, எல்லாம் அரைப்போம். சட்டையில காரம் அடிக்குதா? அடிக்கும். எத்தன தடவ துவைச்சாலும் போகாது. தும்மல் வந்தா சொல்லுங்க, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன்.

நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க, அதான் கேக்கேன். ஒரு அப்பன் தான் பெத்த பிள்ள வீட்டுல இருந்து படிக்கட்டும்னு நெனச்சது குத்தமா? நீங்க உடனே சொல்ல வேண்டாம். முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

கோமு காலேஜ்ல சேந்தது கொரோனா நேரம். அப்ளிகேஷன் போன்ல, சீட்டு கெடச்சது போன்ல, பாடமும் போன்ல. காலேஜ் வாசல மிதிக்காமலே ஒரு வருஷம் முடிஞ்சு போச்சு. மத்த வீட்டுல எல்லாம் பிள்ளைகளத் திட்டுனாங்க, போன வச்சுக்கிட்டு வெளையாடுதுகன்னு. நான் அப்படி விடல. மில்லுக்குப் பின்னால எங்க வீடு. நடுவுல ஒரு செவருதான். மிஷின் ஓடுனா மிஸ் பேசுறது கேக்காது. அதனால மில்லு வாசல்ல ஒரு போர்டு எழுதி மாட்டினேன். ‘காலை ஒன்பதரை முதல் ஒரு மணி வரை அரைக்கப்படாது. வகுப்பு நடக்கிறது.’ வத்தல் மூட்டையோட வந்த ஆளுகள எல்லாம் திருப்பி அனுப்பினேன். என்ன பூலுடையாரு, மில்லுல காலேஜ் ஆரம்பிச்சிட்டீரான்னு கேலி பேசுனாங்க. பேசட்டும்னு விட்டேன்.

செல்போன உளுந்து டப்பாவுல சாச்சு வைப்பேன். கோமு ஒரு நாற்காலி. பக்கத்துல எனக்கு ஒரு நாற்காலி. சட்டை போட்டுக்கிட்டுத்தான் உக்காருவேன். பாடம் நடத்துறவங்க முன்னால வெறும் மேலோட உக்காரலாமா? எங்க வீட்டுக்காரி பேச்சித்தாய் சொல்லுவா, “அவளுக்குத்தான் கிளாஸு, உங்களுக்கு என்ன அங்க சோலி?” அவளுக்கு என்ன தெரியும்? நான் எட்டாங் கிளாஸோட நிப்பாட்டுனவன். எங்கய்யா மில்லுல இழுத்து விட்டுட்டாரு. இருவத்தஞ்சு வருஷமா அரைபடாத கப்பியும் மாவும்தான் பாத்தேன். அந்தக் கிளாஸ்ல உக்காந்தப்புறம்தான் தெரிஞ்சுது, எவ்வளவு விஷயம் இருக்குன்னு.

டைட்ரேஷன்னு ஒண்ணு உண்டு, தெரியுமா அண்ணாச்சி? மேல ஒரு நீளக் கண்ணாடிக் குழாயி, பியூரட்டுன்னு பேரு. கீழ ஒரு குடுவ. சொட்டுச் சொட்டா விட்டுக்கிட்டே இருப்பாங்க. ஒண்ணும் ஆகாது. ஒண்ணும் ஆகாது. கடைசில ஒரே ஒரு சொட்டு, மொத்தமும் ரோஸ் கலராயிரும்! மரியசெல்வி மிஸ் வீடியோ போட்டுக் காட்டுனாங்க. நான் அத ஏழெட்டுத் தடவ பாத்திருக்கேன். கோமு அப்பவே சொன்னா, “இத நான் கையால செய்யணும்ப்பா. எப்பத் திருகணும், எப்ப நிப்பாட்டணும்னு கைக்குத்தான் தெரியும்.” நான் சொன்னேன், “அதான் படத்துல தெளிவாக் காட்டுதாங்களே, இதுக்கு மேல என்ன?” நான் தனியா ஒரு நோட்டு வாங்கி எழுதவும் செஞ்சேன். அவ நோட்ட விட என் நோட்டு சுத்தமா இருக்கும், வேணும்னா காட்டுதேன்... இல்ல, அத வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்.

அந்தச் சமயத்துல காலேஜ்ல இருந்து ஒரு ஃபாரம் வந்துது, போன்ல. ஆன்லைன் வகுப்பப் பத்தி மாணவர்கள் கருத்துன்னு. இங்கிலீஷுக்குக் கீழ தமிழ்லயும் போட்டிருந்தாங்க. பாடம் புரியுதா, சந்தேகம் கேக்க முடியுதா, வீட்டுல படிக்க வசதி இருக்கா, இப்படி இருவது கேள்வி. மிகவும் திருப்தி, திருப்தி, பரவாயில்லை, திருப்தி இல்லைன்னு நாலு வட்டம். ஒண்ணத் தொடணும். கோமு குளிக்கப் போயிருந்தா. நானே உக்காந்து தொட்டேன். இருவதுக்கும் மிகவும் திருப்தி. கடைசில ‘வேறு கருத்து’ன்னு ஒரு கட்டம். அதுல எழுதினேன், ‘இதுபோல் தொடர்ந்து நடத்த வேண்டும்.’ ரெண்டு வாரம் கழிச்சு மிஸ் கிளாஸ்லயே சொன்னாங்க, முக்காவாசிப் பேரு திருப்தின்னு போட்டிருக்கீங்க, சந்தோஷம்னு. எனக்குப் பெருமையா இருந்துது. கோமு என்னைத் திரும்பிப் பாத்தா. “நீங்கதான் போட்டீங்களாப்பா?”ன்னா. “பின்ன? உனக்கு வேல மிச்சம்லா”ன்னேன். அன்னைக்கு மத்தியானம் அவ சாப்பிடல. வயித்து வலின்னா. பொம்பளப் பிள்ளைகளுக்கு வர்றதுதான்.

சங்கரன்கோவில் வந்திருச்சா? இறங்குறவங்க இறங்கட்டும். காலக் கொஞ்சம் மடக்கிக்கிடுங்க.

பிறகு ஒரு நாளு நடந்தத மட்டும் சொல்லணும். கோமு அதத்தான் பெருசாச் சொல்லுதா. ஒரு பையன், அகிலன்னு பேரு, கிளாஸ் முடியுற நேரம், எல்லாரும் இருக்கும்போது, “கோமு, அந்த ரீடிங் எல்லாம் எனக்கு அனுப்பி விடு”ன்னான். கோமுவாம்! நாங்க வீட்டுல கூப்பிடுற பேரு. எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. கைய நீட்டி மைக்கப் போட்டேன். “யாருலே அது? எம்பிள்ளையக் கோமுன்னு கூப்பிட நீ யாருலே? ஒங்கய்யா பேரச் சொல்லுலே!”ன்னேன். அம்பத்தெட்டு பேரு இருந்தாங்க. மிஸ்தான், “சார், சார், மைக்க ஆஃப் பண்ணுங்க”ன்னாங்க. என்னைய சாருன்னாங்க, பாத்துக்கிடுங்க.

அதுக்கப்புறம் பிள்ளைகளுக்கு அதுவே வெளையாட்டாப் போச்சாம். கோமு சந்தேகம் கேக்க மைக்கப் போட்டா, எவனாவது என் குரல்லயே “யாருலே அது?”ம்பானாம். ரெண்டு தடவ என் காதுலயே விழுந்துது. சின்னப் பிள்ளைக, வெளையாடுதுகன்னு நெனச்சேன். கோமு அதோட மைக்கே போடுறதில்ல. வருகைக்குப் பேரு கூப்பிட்டாலும் எழுதித்தான் காட்டுவா. ஒரு வகையில நல்லதாப் போச்சு. கிளாஸ் அமைதியா நடந்துது. இதுல நான் என்ன தப்பு செஞ்சேன்?

அவள நான் அடிச்சதில்ல, அண்ணாச்சி. ஒரு நாளும் அடிச்சதில்ல.

ரெண்டாம் வருஷத்துல பாதில காலேஜ் திறந்தாங்க. டிவில சொன்னான், ஒவ்வொரு வருஷத்துப் பிள்ளைகளா, மொற போட்டு வரச் சொல்லுவாங்கன்னு. கோமு அன்னைக்கு ரெண்டு சுடிதாரத் தேச்சு வச்சா. புதுசா வெள்ளக் கோட்டு ஒண்ணு தைக்கணும்ப்பா, லேபுக்குன்னா. எனக்கு ஒண்ணும் ஓடல. காலைல ஏழு மணி வண்டில போகணும், சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் வரணும். பஸ்ஸுல கூட்டம். நோயி இன்னும் முழுசாப் போகல. இங்கன வீட்டுல எல்லாம் சரியா நடக்கும்போது எதுக்கு இந்த அலைச்சல்?

மறுவாரம் காலேஜ் குரூப்புல மெசேஜ் வந்துது. ரெண்டாம் வருஷம் திங்கக்கெழமையில இருந்து நேர்ல வரணும். லேப் உண்டு. வருகை கட்டாயம். போன் என்கிட்டத்தான் இருக்கும், கிளாஸ் நேரத்துக்கு மட்டும் குடுப்பேன், அந்தப் பையன் விஷயத்துக்குப் பிறகு அப்படித்தான். மெசேஜப் படிச்சேன். ரெண்டு தடவ படிச்சேன். அழிச்சிட்டேன்.

பொய்யின்னு சொல்லாதீங்க. நான் ஒண்ணும் சொல்லலையே. அவதான் கேட்டா, “எங்களுக்கு எப்பப்பா?” “இன்னும் வரலம்மா, மூணாம் வருஷத்துப் பிள்ளைக முடியட்டும்”னேன். மிஸ்மாரு முன்னால போட்ட வீடியோ எல்லாம் போன்ல கெடந்துதுல்லா, அதத் திரும்பப் போட்டுக் குடுத்தேன். “இது போன செமஸ்டர்ல பாத்ததாச்சே”ன்னா. “திருப்புதல் நடத்துறாங்க போல”ன்னேன். நாங்க ரெண்டு பேரும் பழையபடி ஒம்பதரைக்கு உக்காந்தோம். சட்டை போட்டுக்கிட்டேன். போர்டும் மாட்டித்தான் இருந்துது. ஆறு வாரம். நல்லாத்தான் போச்சு, அண்ணாச்சி, சத்தியமா நல்லாத்தான் போச்சு.

நடுவுல மரியசெல்வி மிஸ் போன் பண்ணுனாங்க. “சங்கரகோமதி ஏன் வரல?” வாயில முன்னால வந்தது மஞ்சக்காமாலைதான். “மஞ்சக்காமாலை மிஸ், எந்திரிக்கவே முடியல”ன்னேன். ஐயோ பாவம், நல்லா ஓய்வெடுக்கட்டும்னாங்க. பத்து நாள் கழிச்சு மறுபடி கூப்பிட்டாங்க. இன்னும் கொறையலன்னேன்.

அவங்க நல்ல மனுசி. அவங்க நல்லவங்களா இருந்ததுதான் வெனையாப் போச்சு. கிளாஸ்ல சொல்லியிருக்காங்க, யாராவது போய்ப் பாத்துட்டு வாங்கன்னு. ஒரு சனிக்கெழமை மத்தியானம் பெனசீர்னு ஒரு பிள்ள, கடையநல்லூரு, அவ அம்மாவோட வந்து எறங்குதா. கையில நாலு எளநி, ஒரு கட்டுக் கீழாநெல்லி. நான் மில்லுல நிக்கேன். “கோமதி எப்படி இருக்கா அங்கிள்?”னு கேட்டுக்கிட்டே உள்ள போயிட்டா. மிஷின நிப்பாட்டிட்டு நான் ஓடுறதுக்குள்ள போயிட்டா.

கோமு முத்தத்துல உக்காந்து மல்லியில கல்லு பொறுக்கிக்கிட்டு இருந்தா. அந்தப் பிள்ள அவ கண்ணப் பாக்கா, நகத்தப் பாக்கா. “மஞ்சளே இல்லியே, கொறஞ்சிருச்சா?”ன்னு கேக்கா.

“என்ன மஞ்சள்?”

“மஞ்சக்காமாலைன்னு மிஸ் சொன்னாங்களேடி. ஆறு வாரமா படுத்திருக்கேன்னு...”

“ஆறு வாரமாவா? காலேஜ் தெறந்தாச்சா?”

அந்தப் பிள்ள முழிக்கா. “ரெண்டு இன்டர்னல் முடிஞ்சிருச்சு. லேப்ல அஞ்சு எக்ஸ்பெரிமென்ட் முடிச்சாச்சு. உனக்குத் தெரியாதா?”

கோமு என்னைப் பாத்தா. கத்துவான்னு நெனச்சேன். கத்தல. கையில இருந்த மல்லியச் சொளவுல போட்டுட்டு, எந்திரிச்சு, பாவாடையத் தட்டி விட்டுட்டு, “எளநி எடுத்துட்டு வந்தீங்களே, இருங்க, வெட்டித் தரச் சொல்லுதேன்”னு அவங்கள உக்கார வச்சா. அவங்க போற வரைக்கும் சிரிச்ச மொகமாத்தான் இருந்தா. அவங்க தெருத் திரும்புனப்புறம் என்கிட்ட வந்தா.

“அப்பா, நான் ஒரு நாள்கூட படிக்கல. நீங்கதான் படிச்சீங்க. என் நாற்காலில, என் பேர்ல, எனக்குப் பதிலா நீங்க படிச்சீங்க. எனக்குப் புடிச்சிருக்குன்னு நீங்க எழுதினீங்க. எனக்குச் சீக்குன்னு நீங்க சொன்னீங்க. நான் எங்கப்பா இருந்தேன்?”

இவ்வளவுதான் சொன்னா. நான் சொன்னேன், எல்லாம் உன் நல்லதுக்குத்தான்ம்மான்னு. வேற என்ன சொல்ல?

மறுநா காலைல ஏழு மணி வண்டில போயிட்டா. சர்ட்டிபிகேட் பையையும் ரெண்டு சுடிதாரையும் எடுத்துக்கிட்டு. நான் எந்திரிச்சுப் பாக்கும்போது பேச்சித்தாய் வாசல் தெளிச்சுக்கிட்டு நிக்கா. “எங்கடி பிள்ள?”ன்னேன். “பஸ் ஏத்தி விட்டுட்டு வந்துட்டேன்”னு சொல்லிட்டு கோலப்பொடிய எடுத்தா. அன்னையில இருந்து என்கிட்ட ஒரு வார்த்த பேசுறதில்ல. சோறு வைப்பா. தண்ணி வைப்பா. இருவது நாளாச்சு. கோமு காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கா. பெனசீர் போன்ல இருந்து பேச்சித்தாய்ட்டப் பேசுவா. நான் போன வாங்குனா வச்சிருவா.

இது பனவடலிசத்திரமா? இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கோ?

இப்ப என்னன்னா, வருகை பத்தலையாம். பரீட்சை எழுத விட மாட்டாங்களாம். யுனிவர்சிட்டி சட்டம். எழுதலன்னா அந்த வருஷம் அப்படியே போயிரும், அடுத்த செட்டுப் பிள்ளைகளோட மறுபடி உக்காரணும். நான் சும்மா இருக்கல. தெரிஞ்ச டாக்டர் ஒருத்தரப் புடிச்சு, மஞ்சக்காமாலைன்னு சர்ட்டிபிகேட்டு வாங்கி, போன வாரமே எடுத்துட்டுப் போனேன். சீலெல்லாம் இருக்கு. அதுல கோமு ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது.

மரியசெல்வி மிஸ் ரூம்ல அவள வரச் சொன்னாங்க. வந்தா. அண்ணாச்சி, வெள்ளக் கோட்டுப் போட்டிருந்தா. யாருதோ, தோள்ல தொங்குது. கையில ரெண்டு விரல்ல மஞ்சக் கறை, ஏதோ ஆசிட்டு பட்டிருக்கு. நான், “கையில என்னம்மா?”ன்னேன். அவ மிஸ்ட்டத்தான் சொன்னா, “எனக்கு மஞ்சக்காமாலை வரல மிஸ். வராத சீக்குக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.” நான் கெஞ்சினேன். “ஒரு கையெழுத்தும்மா, வருஷம் போயிரும்.” “போனாப் போகட்டும்”னா. அப்படியே வெளியில போயிட்டா.

மிஸ்தான் எங்கிட்டத் தனியாச் சொன்னாங்க. “பொய்ச் சர்ட்டிபிகேட்ட நாங்களும் வாங்க முடியாது சார். நடந்தத நடந்தபடி நீங்க ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. காலேஜ் திறந்தத மகளுக்குச் சொல்லாம மறைச்சது நீங்கதான்னு. பிரின்சிபால் அத வச்சு யுனிவர்சிட்டில தனி அனுமதி கேட்டுப் பாப்பாரு. கெடைக்கும்னு உறுதியாச் சொல்ல மாட்டேன். ஆனா அது ஒண்ணுதான் வழி. வெள்ளிக்கெழமை நாலு மணிக்குள்ள.”

இன்னைக்கு வெள்ளிக்கெழமை.

எந்த அப்பனாவது அப்படி எழுதிக் குடுப்பானா, சொல்லுங்க? பிரின்சிபால் படிப்பாரு. யுனிவர்சிட்டில படிப்பாங்க. பைல்ல கெடக்கும். நாளைக்கு அவளுக்கு ஒரு எடத்துல பேசி முடிக்கும்போது அந்தக் காயிதம் வந்து நிக்காதா? அதான் இன்னைக்கும் சர்ட்டிபிகேட்டத்தான் எடுத்துட்டு வந்திருக்கேன். கால்ல விழுந்தாவது கையெழுத்து வாங்கிரணும். நீங்க ஒரு ஒத்தாச செய்வீங்களா அண்ணாச்சி? என்கூட வாங்க. அரை மணி நேரம். தாய்மாமன்னு சொல்லிக்கிடுவோம், மிஸ்ஸுக்கு என்ன தெரியும். நீங்க எடுத்துச் சொன்னா அவ கேப்பா. என்னையப் பாத்தாத்தான் மொகத்தத் திருப்புதா.

முடியாதா? ம். சரி. வேல இருக்கும். தப்பா எடுத்துக்கிடல.

என்ன கேட்டீங்க? ஏன் மறைச்சேன்னா? அதான் சொன்னேனே. பஸ்ஸுல கூட்டம். நோயி.

...அது இல்லதான்.

ஒம்பதரை மணி ஆனா அந்த நாற்காலில போய் உக்காருவேன், அண்ணாச்சி. மிஸ் வந்து “குட் மார்னிங் ஸ்டூடன்ட்ஸ்”ம்பாங்க. நானும் வாய்க்குள்ள குட் மார்னிங்னு சொல்லுவேன். வருகைப் பட்டியல்லயும் அந்த ஃபாரத்துலயும் கோமு பேருதான் இருக்கும், அது எனக்குத் தெரியும். ஆனா ஒண்ணரை வருஷமா நானும் காலேஜுக்குப் போனேன்லா. அவ திங்கக்கெழமை வண்டி ஏறிட்டா நான் எங்க போய் உக்கார? அந்த மெசேஜப் படிச்சப்போ அதுதான் மனசுல வந்துது. வேற எதுவும் வரல. பஸ்ஸு, நோயி, எல்லாம் பிறகு நானாச் சேத்துக்கிட்டது. அவ போயி இருவது நாளா நான் அந்தப் பக்கமே போகல. மிஷின காலைல ஆறு மணிக்குப் போட்டா ராத்திரிதான் நிப்பாட்டுதேன். சத்தம் ஓடுனா ஒண்ணும் கேக்காது.

மானூர் தாண்டியாச்சா?

அண்ணாச்சி, உங்ககிட்ட ஒரு வெள்ளத் தாள் இருக்குமா? அந்த டைரில இருந்து கிழிச்சாலும் போதும். பேனாவும் குடுங்க. இல்ல, நீங்க எழுத வேண்டாம். நீங்க எழுதுனா அவ படிச்சிட்டு, இதுவும் அப்பா எழுதல, யாரோ எழுதிக் குடுத்ததும்பா. என் எழுத்து அவளுக்குத் தெரியும்.

‘பிரின்சிபால் ஐயா அவர்களுக்கு. என் மகள் சங்கரகோமதிக்கு மஞ்சள் காமாலை வரவில்லை. அவள் நன்றாக இருந்தாள்.’ இது சரிதானா? ‘கல்லூரி திறந்ததை அவளுக்குத் தெரியாமல் நான்...’

மறைத்தேன்னு எழுதணும். இதுக்கு எந்த ற அண்ணாச்சி? சின்ன ரவா, பெரிய றவா?

பெரிய றவா. சரி.

இந்தத் தாளோட ஓரத்தக் கொஞ்சம் அழுத்திப் பிடிச்சுக்கிடுங்க. வண்டி குலுங்குது, இந்தச் சர்ட்டிபிகேட்ட மடிச்சு அடியில வச்சுக்கிட்டு எழுதுதேன்.